9900 என்று எழுதியிருந்த பற்றரி

கடந்த மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, படுவான்கரையில் இருக்கும் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுவரோர மேசையில் டோர்ச் பற்றரி ஒன்று சார்ஜில் கிடந்தது. முதலில் சீறுகிற சத்தம் கேட்டது. பாம்பு என்று நினைத்து மாமா எழும்பினார். அதற்குள் அது வெடித்தது. பட்டாசு போலத்தான், ஆனால் அதைவிடத் தடித்த சத்தம். அறை முழுக்கப் புகை, தொண்டையைப் பிடிக்கிற ஒரு நாற்றம். மேசை விரிப்பில் தீ ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது மாமி நிலத்தில் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. படுக்கச் சொல்லி எவரும் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் உடம்பு தானாகவே படுத்துவிட்டது. தீயை மாமா ஈரச்சாக்கால் அடித்து அணைத்தார். எவருக்கும் காயமில்லை. மாமி அன்றிரவு அந்த அறைக்குள் வரவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு விடியும்வரை இருந்தார்.

அந்தப் பற்றரியை வாங்கிக் கொடுத்தது நான். நகரத்தில் ஒரு நடைபாதைக் கடையில் இரண்டு வாங்கியிருந்தேன். “இதுதான் அக்கா இருக்கிறதிலேயே கூடின பவர், நம்பரைப் பாருங்க” என்று கடைக்காரத் தம்பி காட்டினார். சிவப்பு உறையில் பெரிதாக 9900 என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் 2600 என்று எழுதிய பற்றரி விலை கூடவாக இருந்தது. எண் கூடியது விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டேனே தவிர, அது ஏன் என்று கேட்கவில்லை. செய்தி எழுதும்போது எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள்தான் நான்.

இரண்டாவது பற்றரி என் பையில் இருந்தது. அதை நகை செய்யும் நண்பர் ஒருவரின் தராசில் வைத்துப் பார்த்தோம். 28 கிராம். அவரிடம் பழைய மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றிய, அதே அளவு பற்றரி ஒன்று கிடந்தது. அது 46 கிராம். இரண்டும் ஒரே நீளம், ஒரே தடிப்பு. ஒன்றில் மட்டும் பாதியளவு பொருள்தான் உள்ளே இருந்தது.

அதற்குப் பிறகு நான் படித்தவற்றையும், மல்ரிமீற்றர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு சோதித்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் மின்பொறியியலாளர் அல்ல. ஆனால் ஒரு டோர்ச் வாங்கப் பொறியியலாளர் தேவைப்படக்கூடாது.

டோர்ச் யாருக்குத் தேவை

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. எழுவான்கரையில் இருப்பவருக்கு டோர்ச் என்பது கரண்ட் போனால் தேடுகிற பொருள். படுவான்கரையில் அது செருப்பு மாதிரி, இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் யானை வேலியை உடைத்துக்கொண்டு வளவுக்குள் வருகிறது. வட்டைக்குள் வாடி போட்டுக் காவல் இருப்பவர்கள், இருட்டோடு தோணி எடுத்து வலை பார்க்கப் போகிறவர்கள், புடையன் கிடக்கிற வரம்பில் நடக்கிறவர்கள், இரவில் வெளியே உள்ள மலசலகூடத்துக்குத் தனியே போகவேண்டிய பெண்கள் என எல்லோர் கையிலும் ஒரு டோர்ச் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் எழுவான்கரைக்கும் அதே நிலை வந்தது.

இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். பற்றரி எமக்கு வெறும் பொருள் அல்ல. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர், வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் டோர்ச் பற்றரியும் இருந்தது. அங்கே சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள், ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து விளக்கெரித்தார்கள். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனவர்களுக்கும் சோதனைச்சாவடிகள் இருந்தன. வீட்டு வானொலிக்காக வாங்கிய ஒரு சோடிப் பற்றரிக்கு மாமா ஒரு முற்பகல் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். அப்படிக் கொண்டுவந்த பற்றரியை யாரும் இலேசில் எறியமாட்டார்கள். செத்ததை வெயிலில் காயவைப்பார்கள், ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் ஊற்றுவார்கள், இரண்டு நாள் கூடப் பாட்டுக் கேட்கும்.

அந்தப் பழக்கம் இன்றும் கையில் இருக்கிறது. எந்தப் பற்றரியும் முழுதாகச் சாவதில்லை, கொஞ்சம் வித்தை தெரிந்தால் எழுப்பலாம் என்ற நம்பிக்கை. அன்றைய நாக-கரி பற்றரிக்கு அது சரி. லிதியம் பற்றரிக்கு அது ஆபத்து. துளைத்தால் தீப்பிடிக்கும். வெயிலில் வைத்தால் கெடும். செத்ததை வலுக்கட்டாயமாகச் சார்ஜ் செய்தால் உள்ளே செம்பு கரைந்து படிந்து, எதிர்பாராத ஒரு நேரத்தில் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகும். சிக்கனமாக வாழப் பழகிய கைகள்தான் இங்கே அதிகம் கவனமாக இருக்கவேண்டும்.

உறைக்குள் என்ன இருக்கிறது

டோர்ச்களில் அதிகம் புழங்குவது 18650 என்ற வகை. அது ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல, அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், கடைசிப் பூச்சியம் உருளை வடிவம் என்பதைக் குறிக்கிறது. 21700 என்றால் 21க்கு 70. இதைத் தெரிந்துகொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும்.

இதன் சாதாரண அழுத்தம் 3.7 வோல்ற். முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2. வேலை செய்து 3 வோல்ற் பக்கம் வந்ததும் நிறுத்தவேண்டும், 2.5க்குக் கீழே போகவே கூடாது. லிதியம் பற்றரியின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைகளுக்குள்தான் இருக்கிறது. 4.2ஐத் தாண்டி ஏற்றினால் உள்ளே இருக்கும் இரசாயனம் குழம்பிச் சூடாகும்; அந்தச் சூடு இன்னும் சூட்டைப் பிறப்பிக்கும்; உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. நாங்கள் கேட்ட சீறல், அழுத்தம் தாங்காமல் வாயு வெளியேறிய சத்தம்.

இப்போது 9900 கதைக்கு வருவோம். உறையில் எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது பற்றரி எவ்வளவு மின்னைத் தேக்கும் என்ற கணக்கு. 18650 அளவில் பரவலாகக் கிடைக்கும் நேர்மையான பற்றரிகளின் உச்சம் 3500, மிஞ்சினால் 3600. சம்சுங், எல்ஜி, பனசோனிக், சோனியின் பற்றரிப் பிரிவை வாங்கிய முராட்டா, தாய்வானின் மொலிசெல் என இந்தத் துறையின் பெரிய நிறுவனங்கள் செய்தவையும் இந்த வட்டத்துக்குள்தான். 1991 இல் சோனி முதன்முதலாக லிதியம் அயன் பற்றரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து முப்பது வருடத்துக்கு மேலாக உலகமே முயன்று அடைந்த எல்லை அது. அதை மூன்று மடங்கு தாண்டிவிட்டதாக நடைபாதையில் ஒரு சிவப்பு உறை சொல்கிறது. 4200, 6800, 9800, 9900, 12000 என்று 18650 பற்றரி ஒன்றில் எழுதியிருந்தால் மேலே எதுவும் யோசிக்காமல் வைத்துவிட்டு வரலாம். உள்ளே இருப்பது பழைய மடிக்கணினிகளில் ஓய்ந்துபோன பற்றரியாக இருக்கலாம், தரச்சோதனையில் கழிக்கப்பட்டதாக இருக்கலாம். சிலவற்றைப் பிரித்தவர்கள், சின்னப் பற்றரி ஒன்றை வைத்து மிச்ச இடத்தை ஏதோ தூளால் நிரப்பியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பவும் முடியாது, பெயரையும் அச்சடிக்கலாம். நிறையை அச்சடிக்க முடியாது. உண்மையான 18650 பற்றரி 44 முதல் 50 கிராம் வரை இருக்கும். 40க்குக் கீழே இருந்தால் சந்தேகம், 35க்குக் கீழே இருந்தால் சந்தேகமே இல்லை. பலசரக்குக் கடைத் தராசில் ஒன்றை நிறுக்கச் சிரமமாக இருந்தால் நான்கைச் சேர்த்து நிறுங்கள், 180 கிராம் அளவில் வரவேண்டும். நண்பரின் நகைத் தராசைத் தேடிப் போவது எல்லோருக்கும் வாய்க்காது என்பது தெரியும், ஆனால் மீன் சந்தையிலும் இப்போது டிஜிட்டல் தராசு இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. லிதியம் இரும்பு பொஸ்பேற் என்ற வகை கொஞ்சம் இலேசு, 40 கிராம் அளவில் வரும். சூரிய ஒளி விளக்குகளில் அதிகம் இருப்பது இதுதான். அழுத்தம் 3.2 வோல்ற், தேக்கமும் குறைவு, ஆனால் தீப்பிடிக்கும் ஆபத்தும் மிகக் குறைவு. ஆயுளும் கூட. சார்ஜ் 3.65 வோல்ற்றில் நிற்கவேண்டும், ஆகவே மற்றதன் சார்ஜரில் இதைப் போடக்கூடாது. உறையில் 3.2 என்றிருக்கிறதா 3.7 என்றிருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வேலை அல்ல.

இன்னொரு பொறி 14500 என்ற வகை. பார்த்தால் அச்சொட்டாகப் பென்டோர்ச் பற்றரி. ஆனால் 1.5 வோல்ற்றுக்குப் பதில் 3.7 வோல்ற். சுவர்க்கடிகாரத்திலோ பிள்ளையின் விளையாட்டுப் பொருளிலோ மாறிப் போட்டால் அது எரிந்துவிடும். இதைவிட மோசமானது, சாதாரணப் பென்டோர்ச் பற்றரியைக் கொண்டுபோய் லிதியம் சார்ஜரில் வைப்பது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 14500 வகையை வாங்காமலே விடுவது நல்லது.

டோர்ச்சை விடச் சார்ஜர் முக்கியம்

மாமா வீட்டில் வெடித்தது பற்றரியின் பிழை மட்டுமா என்று எனக்கு இப்போது சந்தேகம். அந்தச் சார்ஜரைப் பிறகு மல்ரிமீற்றரால் பார்த்தேன், பற்றரி எதுவும் போடாமல். பச்சை விளக்கு எரிந்தபடியே 4.4 வோல்ற் காட்டிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு என்பது “முடிந்தது” என்று அர்த்தமல்ல, பச்சை நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான்.

ஒழுங்கான சார்ஜர் செய்வது இதுதான்: முதலில் ஒரே அளவான மின்னோட்டத்தைக் கொடுக்கும். பற்றரி 4.2ஐ எட்டியதும் அந்த அழுத்தத்திலேயே பிடித்துக்கொண்டு ஓட்டத்தை மெல்லக் குறைக்கும். கடைசியில் முழுதாக நிறுத்தும். கார் பற்றரிக்கோ பழைய நிக்கல் பற்றரிக்கோ கொடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக விடிய விடிய ஏற்றிக்கொண்டிருந்தால் லிதியம் தாங்காது.

நேரே சொக்கெற்றில் குத்துகிற, உள்ளங்கை அளவு பிளாஸ்ரிக் சார்ஜர்களைத் தவிருங்கள். அவற்றில் சிலவற்றில் 230 வோல்ற்றுக்கும் பற்றரிக்கும் இடையே உள்ள தடுப்பு மிகப் பலவீனம். ஈரக்கையால் பற்றரியைத் தொடும்போது சுவர்க் கரண்டையே தொட்ட மாதிரி ஆகலாம். அதற்குப் பதில், போன் சார்ஜரோடு இணைக்கிற 5 வோல்ற் யுஎஸ்பி சார்ஜர் ஒன்றை வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே நல்ல போன் சார்ஜர் இருக்கும், அதுவே ஒரு பாதுகாப்பு. சின்னச் சூரியத்தகடு, பவர் பாங்க் எல்லாவற்றிலும் வேலை செய்யும். ஒவ்வொரு பற்றரிக்கும் தனித் தனி விளக்கு உள்ளதாகவும், 18650க்கு 0.5 முதல் 1 அம்பியர் வரை கொடுப்பதாகவும் இருந்தால் போதும். வேகமான சார்ஜர் எமக்குத் தேவையில்லை.

வாங்கியதும் ஒரு சோதனை. முழுதாகச் சார்ஜ் ஆனதும் பற்றரியைக் கழற்றி மல்ரிமீற்றரால் அளவுங்கள். 4.15க்கும் 4.20க்கும் இடையே இருந்தால் நல்லது. 4.25 அல்லது அதற்கு மேலே காட்டினால் அந்தச் சார்ஜரை இனிப் பாவிக்காதீர்கள். வானொலி, தொலைக்காட்சி திருத்துகிற கடைகளில் கேட்டால் அளந்து தருவார்கள், ஒரு நிமிட வேலை. சார்ஜ் ஆகும்போது பற்றரி இளஞ்சூடாக இருப்பது வழமை. பிடிக்க முடியாத சூடு வழமை அல்ல.

எதை வாங்குவது

என் கருத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது, ஒரே ஒரு பற்றரி போடும், டோர்ச்சிலேயே யுஎஸ்பி துவாரம் உள்ள, பற்றரியும் பெயருள்ள நிறுவனத்தால் டோர்ச்சோடு சேர்த்தே தரப்பட்ட வகை. பற்றரியை மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் டோர்ச்சையே எறியவேண்டி வரும். தனியாகப் பற்றரி வாங்குவதை இரண்டாவது தெரிவாகவே வையுங்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 இல், தனியாக விற்கப்படும் 18650 பற்றரிகளை வாங்கவோ பாவிக்கவோ வேண்டாம் என்றே எச்சரித்தது. அவை பெட்டிகளுக்குள் பாதுகாப்புச் சுற்றோடு பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை என்பது காரணம். எமது கடைகளின் நிலையில் அதை முழுதாகப் பின்பற்றுவது கடினம். ஆகவே தனியாக வாங்குவதென்றால், பாதுகாப்புச் சுற்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அடிப்பக்கத்தில் வட்டமான சின்னத் தகடு ஒன்று சேர்த்திருப்பதால் அது 68 முதல் 70 மில்லிமீற்றர் வரை நீளமாக இருக்கும். அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறினாலும், இறங்கினாலும், ஷோர்ட் ஆனாலும் அந்தத் தகடு துண்டித்துவிடும். டோர்ச்சுக்குள் அந்த நீளம் அடங்குமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

இரண்டு, மூன்று பற்றரிகளை வரிசையாகப் போடும் நீட்டு டோர்ச்கள் வேண்டாம். அதில் ஒன்று பலவீனமாக இருந்தால் மற்றது அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும். இறுக மூடிய உலோகக் குழாய்க்குள் அது நடக்கும்போது வாயு போக வழியில்லை. கையில் பிடித்திருக்கும் பொருளில் அப்படி ஒன்று நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

வெளிச்சத்தின் கணக்கும் எளிது. 2600 பற்றரி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 9.6 வாற்று-மணி. நல்ல எல்ஈடி ஒன்று ஒரு வாற்றுக்கு நூறு லூமன் அளவில் வெளிச்சம் தரும். நூறு லூமனில் எரித்தால் இழப்புகள் போக எட்டு மணித்தியாலம் வரும். ஆயிரம் லூமனில் எரித்தால் ஒரு மணித்தியாலமும் வராது, டோர்ச்சும் கொதிக்கும். ஒரு இலட்சம் லூமன் என்று பெட்டியில் போட்டிருப்பதும் 9900 கதைதான். வட்டைக்குள் விடிய விடியக் காவல் இருப்பவருக்கு வேண்டியது, குறைந்த வெளிச்சத்தில் நீண்ட நேரம் எரிந்து, தேவைப்படும்போது தூர அடிக்கிற டோர்ச். மாற்றுப் பற்றரி ஒன்று பிளாஸ்ரிக் டப்பாவில். யானை தூரத்தில் நிற்கும்போதே காண்பதற்குத்தான் டோர்ச், விரட்டுவதற்கு அல்ல. இதை மாமா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வாவிக்குப் போகிறவர்களுக்கு நீர் புகாத ரப்பர் வளையம் உள்ளதுதான் வேண்டும். யுஎஸ்பி துவாரத்துக்கு மூடி இருக்கவேண்டும். வாவித் தண்ணீர் உவர், சாதாரணத் தண்ணீரைவிட வேகமாக ஷோர்ட் ஆக்கும், துருவும் ஏற்றும். உள்ளே தண்ணீர் போன பற்றரியைத் துடைத்துவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள். அது போனதுதான்.

வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டுக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் லிதியமே வேண்டாம் என்பேன். நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் என்ற சார்ஜ் செய்யக்கூடிய பென்டோர்ச் பற்றரிகள் இருக்கின்றன. 1.2 வோல்ற், 2000 அளவில் தேக்கம். அதற்கென்று உள்ள சார்ஜரில் போட்டால் நூற்றுக்கணக்கான தடவை வரும். லிதியம் போலத் தீப்பற்றும் குணம் இல்லை. வெளிச்சம் கொஞ்சம் குறைவு, மலசலகூடம் வரை நடக்க அது போதும்.

விலையைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வெளிவரும்போது அது மாறியிருக்கும். ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை சோடி சாதாரணப் பற்றரி வாங்குகிறீர்கள்? அதை ஆறால் பெருக்குங்கள். நல்ல பற்றரியும் யுஎஸ்பி சார்ஜரும் அந்தத் தொகைக்குள் வந்தால் வாங்குவது இலாபம், ஏனென்றால் ஒழுங்காகப் பாவித்தால் அவை முந்நூறு தடவையாவது சார்ஜ் ஏறும். வராவிட்டால், அதாவது எப்போதாவது கரண்ட் போனால் மட்டும் டோர்ச் எடுக்கிறவர் என்றால், சாதாரணப் பற்றரியே போதும். எல்லோரும் லிதியத்துக்கு மாறவேண்டும் என்றில்லை.

பழைய மடிக்கணினிப் பற்றரிகளைத் திருத்தும் கடைகளில் மலிவாகத் தருகிறார்கள். போலிப் புதியதைவிட உண்மையான பழையது மேல் என்று சொல்ல மனம் வருகிறது. ஆனாலும் அவற்றில் பாதுகாப்புச் சுற்று இருக்காது, எத்தனை வருடம் உழைத்தது என்றும் தெரியாது. பெயருள்ள நிறுவனங்களே தவறியிருக்கின்றன: சோனி செய்த பற்றரிகள் தீப்பற்றக்கூடும் என்று 2006 இல் டெல் நிறுவனம் 41 இலட்சம் மடிக்கணினிப் பற்றரிகளைத் திரும்பப் பெற்றது. வேறு வழியில்லாமல் பழையதை எடுப்பதென்றால், கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள். 2.5 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் எடுக்கவே வேண்டாம். ஒற்றைப் பற்றரி டோர்ச்சில் மட்டும் போடுங்கள்.

வாங்கும்போது பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பொய்யான அளவைக் காட்டி விற்பது குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். நான் பில் கேட்டிருக்கவில்லை. அந்தக் கடைத் தம்பியிலும் எனக்குக் கோபமில்லை, அவரும் உறையைத்தான் வாசித்தார்.

வீட்டில்

பற்றரியின் மேல்முனை மட்டும்தான் நேர்முனை. சுற்றியுள்ள உடம்பு முழுவதும் எதிர்முனை, இடையில் இருப்பது மெல்லிய பிளாஸ்ரிக் உறைதான். உறை கிழிந்தால் பாவிக்காதீர்கள். சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் போடாதீர்கள். பகலில் தகரக்கூரைக்குக் கீழே, வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்குள் வைக்காதீர்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

சார்ஜ் போடுவது பகலில், ஆள் விழித்திருக்கும்போது, சீமெந்துத் தரையில் அல்லது மண்சட்டிக்குள். பாய், மெத்தை, மரமேசை வேண்டாம். வாசலுக்குப் போகும் வழியிலும் வேண்டாம்.

சீறல் கேட்டால், அல்லது பற்றரி வீங்கியோ இனிப்பான நெடி வீசியோ தெரிந்தால், பற்றரியைத் தொடாமல் சுவர் ஆளியை அணையுங்கள். ஆட்களை வெளியே அனுப்புங்கள், அந்தப் புகை நச்சு. எட்ட நின்று தும்புத்தடியால் முற்றத்துக்குத் தள்ள முடியுமென்றால் தள்ளுங்கள். மின் துண்டித்த பிறகு தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். லிதியத்துக்குத் தண்ணீர் ஆகாது என்ற பேச்சு இந்த வகைப் பற்றரிக்குப் பொருந்தாது, சூட்டை இறக்கத் தண்ணீர்தான் வேண்டும். ஒரு தடவை அணைந்தது மறுபடி பற்றலாம், ஆகவே வீட்டுக்குள் திரும்ப எடுத்துவராதீர்கள். எரிகாயத்தை ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

போன பற்றரியைக் குப்பையோடு எரிப்பதும் வாவிக்குள் எறிவதும் இங்கே சாதாரணம். எரித்தால் வெடிக்கும். இரண்டு முனைகளுக்கும் இன்சுலேஷன் ரேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகரப் பேணியில் வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்களிடம் சேர்த்துக் கொடுக்கலாம். பாடசாலையோ மீனவர் சங்கமோ ஒரு பேணியை வைத்துப் பொதுவில் சேர்த்தால் இன்னும் இலகு.

மாமாவிடம் இப்போது ஒற்றைப் பற்றரி டோர்ச் இருக்கிறது. 2600 என்று எழுதியிருக்கிறது, 47 கிராம். சார்ஜ் போடுவது மாமியின் பொறுப்பு. காலையில் முற்றத்துப் படியில் மண்சட்டிக்குள் வைப்பார், பொழுது சாயமுதல் கழற்றிவிடுவார். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதில்லை, கையை வைத்துத்தான் பார்க்கிறார். அந்த மற்றப் பற்றரி, 28 கிராம், என் வீட்டில் மணல் பேணிக்குள் கிடக்கிறது. அடுத்த தடவை கொழும்புக்குப் போகும்போது கொடுத்துவிட்டு வரவேண்டும்.